போன கணக்கும் திருட்டு சாப்ட்வேரும்



சென்ற மாதம் பாவூர்சத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டில் பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, நம் சங்க உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். “அண்ணாச்சி, கடையிலே கணக்கு வச்சிருக்கிற டிஸ்க் பெட்டி திறக்க மாட்டேங்குது. சர்வீஸ் தம்பி ஒரு சாப்ட்வேர் இருக்குன்னு சொல்லுதான். கிராக் பண்ணினதாம். பைசா செலவில்லாம எல்லாத்தையும் எடுத்துரலாம்ங்கான். போடச் சொல்லட்டுமா?” என்று கேட்டார். “கையை வைக்காதீங்க. பெட்டியை அணைச்சுப் போட்டுட்டு நாளைக் காலையிலே என் கடைக்கு வாங்க” என்றேன். மறுநாள் அவருக்குச் சொன்னவற்றை எல்லோரும் தெரிந்துகொள்ளும்படி எழுதித் தரவேண்டும் என்று இதழாசிரியர் கேட்டுக்கொண்டதன் பேரில் இதை எழுதுகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. பட்டுத் தெரிந்துகொண்டவன்.

எங்களுடையது பலசரக்கு மொத்த வியாபாரம். கீழப்பாவூர், சுரண்டை, ஆலங்குளம் சுற்று வட்டாரத்துச் சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு போடுகிறோம். முக்கால்வாசி கடன் வியாபாரம்தான். வாரம் ஒரு வசூல். என் தகப்பனார் காலத்தில் சிட்டை, பேரேடு, ஐந்தொகை எல்லாம் கணக்குப்பிள்ளையின் கையெழுத்தில் இருந்தன. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. மூன்று பில் போடும் கம்ப்யூட்டர்கள் ஆனதும், எல்லாவற்றுக்கும் பொதுவாக மூன்று ஹார்ட் டிஸ்க் கொண்ட ஒரு பெட்டியை 2018இல் வாங்கி வைத்தோம். “மூன்றில் ஒன்று கெட்டாலும் கணக்கு போகாது” என்று விற்றவர் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் பாதி உண்மை.

2021 ஐப்பசி மழையில் ஒரு நாள் இடி இடித்துக் கரண்ட் போய் வந்தது. அதன் பிறகு பெட்டி திறக்கவில்லை. சர்வீஸ் பார்க்க வந்த தம்பி முன்பக்க விளக்கைப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, முதல் டிஸ்க் எப்பவோ போயிருக்கு. இப்போ இரண்டாவதும் போச்சு” என்றார். முதல் டிஸ்க் பல மாதங்களுக்கு முன்பே செத்திருக்கிறது. அப்போது பெட்டி ‘பீப் பீப்’ என்று கத்தியிருக்கிறது. காதுக்கு இரைச்சலாக இருக்கிறதென்று கடைப் பையன் அந்தச் சத்தத்தை நிறுத்தி வைத்துவிட்டான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அது என்ன சத்தம் என்று முதலாளியாகிய நானே கேட்டதில்லை.

இந்தப் பெட்டி வேலை செய்யும் விதத்தை ஒரு முறை தெரிந்துகொண்டால் மற்றவை தானே விளங்கும். நம்மிடம் மூன்று நோட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நோட்டில் 12 என்று ஒரு தொகை. இரண்டாவதில் 7. மூன்றாவதில் இரண்டின் கூட்டுத்தொகை 19. இரண்டாவது நோட்டு எரிந்துபோனால் 19இல் 12 கழித்து 7 என்று மறுபடி எழுதிக்கொள்ளலாம். எந்த ஒரு நோட்டு போனாலும் மீதி இரண்டிலிருந்து அதைத் தயாரித்துவிடலாம். இரண்டு நோட்டு போனால் முடியாது. ரெய்டு ஐந்து என்று சொல்லப்படுகிற முறையின் தத்துவம் இதுதான். (உள்ளே நடப்பது கூட்டல் அல்ல, வேறொரு கணக்கு, அது நமக்கு வேண்டாம்.) அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் 1988இல் வெளியிட்ட கட்டுரை இந்த முறைக்குப் பெயரும் வகைப்பாடும் கொடுத்தது. விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டுவது அவர்கள் யோசனை. வியாபாரிக்குப் பிடிக்கிற யோசனைதான்.

இன்னொன்றும் உண்டு. கூட்டுத்தொகை எப்போதும் மூன்றாவது நோட்டிலேயே இருப்பதில்லை. ஒரு பக்கத்துக்கு முதல் நோட்டில், அடுத்த பக்கத்துக்கு இரண்டாவதில் என்று மாறி மாறி வரும். கணக்கும் துண்டு துண்டாக மூன்றிலும் பிரிந்து கிடக்கும். ஆகவே எது முதல் டிஸ்க், எது இரண்டாவது, துண்டின் அளவு என்ன, கூட்டுத்தொகை எந்த வரிசையில் சுற்றுகிறது என்னும் விவரங்கள் தெரிந்தால்தான் சேர்த்துப் படிக்க முடியும். வரிசை ஒன்று மாறினாலும் மூன்று பேரேடுகளின் ஏடுகளைக் கலைத்துத் தைத்தது போல ஆகிவிடும்.

இனி என் கதை. அந்தத் தம்பி மூன்று டிஸ்க்குகளையும் பெட்டியிலிருந்து கழற்றினார். எது எந்தத் துளையில் இருந்தது என்று குறித்து வைக்கவில்லை. பில் போடும் கம்ப்யூட்டரில் அவற்றை மாட்டினார். விண்டோஸ் அவற்றைப் பார்த்துவிட்டு, இந்த டிஸ்க்கைத் தயார் செய்யட்டுமா என்று கேட்டது. அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் எழுதுபவை. விண்டோஸுக்கு அவை வெற்று டிஸ்க்காகத்தான் தெரியும். தம்பி ‘சரி’ கொடுத்தார். அடுத்து, மீட்கிற சாப்ட்வேர் ஒன்றின் கிராக் பிரதியை எங்கிருந்தோ இறக்கினார். ஆன்டிவைரஸ் அதைத் தடுத்தது. “கிராக்னா ஆன்டிவைரஸ் அப்படித்தான் சொல்லும் அண்ணாச்சி. கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சாப் போதும்” என்றார். நிறுத்தச் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

சாப்ட்வேர் ஓடியது. இரண்டு மணி நேரத்தில் எங்கள் கோப்புகளின் பெயர்கள் திரையில் வரிசையாக வந்தன. எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீ வாங்கி வரச்சொன்னேன். எடுத்த கோப்புகளை வைக்க இடம் வேண்டுமென்று, ‘போன டிஸ்க்தானே’ என்று இரண்டாவது டிஸ்க்கை ஃபார்மட் செய்து அதிலேயே சேமித்தார். திறந்து பார்த்தால் பெயர் சரி, உள்ளே குப்பை. பல மாதங்களுக்கு முன்பு செத்த முதல் டிஸ்க்கில் இருந்த பழைய கணக்கையும், மூன்றாவதில் இருந்த புதுக் கணக்கையும் கலந்து கழித்தால் என்ன வரும்? இது கிராக் செய்ததால் வந்த பிழை மட்டும் அல்ல, காசு கொடுத்து வாங்கின சாப்ட்வேரிலும் தவறான டிஸ்க்கைக் கொடுத்தால் இதேதான் வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசு கொடுத்து வாங்கியிருந்தால் விளக்கப் புத்தகம் இருந்திருக்கும். கேட்பதற்குக் கம்பெனி இருந்திருக்கும். திருட்டுப் பொருளுக்கு யாரிடம் போய்க் கேட்பது?

அன்று இரவு ‘விண்டோஸ் அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம்’ என்று ஒரு திரை வந்தது. நம்பிக்கையோடு கடையைப் பூட்டிவிட்டு வந்தோம். காலையில் வந்து பார்த்தால், பில் கம்ப்யூட்டரில் இருந்த நடப்புக் கோப்புகள், அதில் செருகியே கிடந்த பென் டிரைவில் இருந்த நகல் எல்லாவற்றின் பெயருக்கும் வாலாக நான்கு எழுத்து ஒட்டியிருந்தது. ஒரு கடிதமும் இருந்தது. 980 டாலர் கட்டினால் பூட்டைத் திறந்து தருவோம். 72 மணி நேரத்துக்குள் கட்டினால் பாதி விலை, 490 டாலர். அன்றைய மதிப்பில் முழுத்தொகை ஏறக்குறைய 73,000 ரூபாய். கொள்ளைக்காரனும் நம்மைப் போலத் தள்ளுபடி அறிவிக்கிறான் பாருங்கள்.

அது என்னவென்று பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஸ்டாப் அல்லது டிஜேவியு என்று பெயர். 2018 முதல் உலவுகிற கூட்டம். பெரிய கம்பெனிகளைக் குறி வைப்பதில்லை. கிராக், கீஜென் என்னும் பெயரில் திருட்டு சாப்ட்வேர் தேடுகிற சாமானியர்களையே பிடிக்கிறது. விண்டோஸ் அப்டேட் போன்ற பொய்த் திரை காட்டுவது அதன் பழக்கம். கோப்புகளைப் பூட்டுவதோடு நில்லாமல், சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைத் திருடும் வேறொரு புரோகிராமையும் பல சமயம் கூடவே இறக்கிவிடும். அதாவது நம் பேங்க் கணக்கு, ஜிஎஸ்டி கணக்கு எல்லாவற்றின் சாவியும். எம்சிசாஃப்ட் என்னும் நிறுவனம் 2019 அக்டோபரில் இதன் 148 வகைகளுக்கு இலவசத் திறவுகோல் வெளியிட்டது. அப்போது தங்களிடமும் உதவித் தளத்திலும் வந்த பிணைத்தொகை வைரஸ் புகார்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு குடும்பத்தினுடையவை என்று அந்த நிறுவனம் சொன்னது. அதிகம் அடிபட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால் பிற்பாடு வந்த வகைகளில், பூட்டும்போது இன்டர்நெட் இருந்திருந்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிச் சாவி. அதற்குத் திறவுகோல் கிடைக்காது. எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 2020 ஜூனில், இந்த டிஜேவியு பூட்டைத் திறப்பதாகச் சொல்லி ஒரு இலவச சாப்ட்வேர் வந்தது. நம்பிப் போட்டவர்களின் கோப்புகளை அது இரண்டாவது முறையாகப் பூட்டியது. ஸோராப் என்று பெயர். மீட்க வந்தவன் வேஷத்திலேயே திருடன் வந்தான்.

இங்கேதான் என் கருத்தைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். திருட்டு சாப்ட்வேர் எதுவானாலும் ஆபத்துதான் என்றாலும், டிஸ்க்கிலிருந்து கணக்கை மீட்கும் சாப்ட்வேரைத் திருட்டுப் பிரதியாக எடுப்பது எல்லாவற்றிலும் மோசமானது. படம் வரைகிற சாப்ட்வேரோ விளையாட்டோ ஹார்ட் டிஸ்க்கின் அடிமட்டம் வரை போக அனுமதி கேட்டால் நமக்குச் சந்தேகம் வரும். மீட்கிற சாப்ட்வேருக்கு அந்த அனுமதி இல்லாமல் வேலையே நடக்காது. ஆகவே திருடன் கேட்பதும் நல்லவன் கேட்பதும் ஒரே சாவி. அந்தச் சாவியை நாம் கொடுக்கும் நேரத்தில் நம்மிடம் மிச்சமிருக்கும் ஒரே பிரதி கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறது. காவல்காரனாகிய ஆன்டிவைரஸை நாமே வெளியே அனுப்பிவிட்டோம். நம் மனமோ பதறிக் கிடக்கிறது. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற நிலை. லைசென்ஸ் கேட்கும் இடத்தை உடைத்தவன் மற்ற இடங்களில் எதைத் தொட்டான், எதைச் சேர்த்தான் என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். உடைத்ததில் ஒரு வரி கெட்டு, படிக்க வேண்டிய இடத்தில் எழுதித் தொலைத்தால் அதை நாம் அறியக்கூட வழியில்லை.

இன்னொன்று, மீட்ட கணக்கு சரியா என்று ஒப்பிட அசல் இல்லை. எடை தவறினால் வாடிக்கையாளர் வந்து சண்டை போடுவார். இதில் ஒரு கடைக்காரரின் நிலுவையில் ஒரு இலக்கம் மாறியிருந்தால் யார் வந்து சொல்வது?

எங்கள் டிஸ்க்குகளைக் கடைசியில் சென்னையில் ஒரு மீட்புக் கூடத்துக்கு அனுப்பினேன். அவர்கள் சொன்ன பதில் இன்றும் மனதில் முள்ளாக இருக்கிறது. இரண்டாவது டிஸ்க் சாகவே இல்லையாம். கரண்ட் போய் வந்ததில் பெட்டி அதைக் கணக்கிலிருந்து தள்ளி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதையும் மூன்றாவதையும் அப்படியே அனுப்பியிருந்தால் பெரும்பாலும் எல்லாம் வந்திருக்கும். ஃபார்மட் செய்து, அதன் மேலேயே எழுதியதால் போனது. பார்த்துச் சொன்னதற்கு மட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டு டிஸ்க்குகளைத் திருப்பி அனுப்பினார்கள்.

பிறகு கணக்கை எப்படித் தேற்றினோம்? மார்ச் முடியக் கணக்கு ஆடிட்டரிடம் நகல் இருந்தது. ஏப்ரல் முதல் ஐப்பசி வரைதான் ஓட்டை. நாங்கள் வாங்கிய சரக்கின் பில்கள், சப்ளையர்கள் ஜிஎஸ்டியில் ஏற்றியிருந்தபடி 2பி படிவத்தில் கிடைத்தன. பதிவு பெற்ற கடைகளுக்கு நாங்கள் போட்ட பில்களும் எங்களுடைய ஆர்-1 தாக்கலில் ஒவ்வொன்றாக இருந்தன. ஆனால் ஜிஎஸ்டி எண் இல்லாத சின்னக் கடைகளுக்குப் போட்ட பில்கள் அங்கே மொத்தத் தொகையாக மட்டுமே இருக்கும். யாருக்கு எவ்வளவு என்பது கிடையாது. யார் எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு நிற்கிறது என்பது எந்த அரசாங்கத் தளத்திலும் இல்லை. லைன் வேன் பையன்கள் வைத்திருந்த கார்பன் நகல்களைச் சேர்த்து, இரண்டு பேர் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதினார்கள். சில கடைக்காரர்கள் தாங்களே நோட்டைக் கொண்டுவந்து, “அண்ணாச்சி, எங்க கணக்குப்படி உங்களுக்கு இவ்வளவு தரணும்” என்று காட்டிவிட்டுப் போனார்கள். மேலப்பாவூர்ப் பக்கத்துப் பெட்டிக்கடை அம்மா ஒருவர் 1,140 ரூபாய் பாக்கிக்காக பஸ் ஏறி வந்தார். வராதவர்களும் உண்டு. கடைசியில் எழுதித் தள்ளியது நாலு லட்சத்துக்கு மேல்.

காய்கறிக் கமிஷன் கடை நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாவூர்சத்திரம் காமராஜர் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குத் தினமும் லோடு போகிறது. ஓணம் சமயத்தில் கேட்கவே வேண்டாம். ஆனால் பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆகவே எனக்குக் கிடைத்த அந்த ஜிஎஸ்டி நகல்கூட உங்களுக்குக் கிடையாது. விவசாயிக்குக் கொடுத்த முன்பணம், கேரளா வியாபாரியிடம் நிற்கிற பாக்கி, கமிஷன், இறக்குகூலி எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கின்றன. அது போனால் எதிர்த்தரப்பு வியாபாரியின் நேர்மைதான் உங்கள் பேரேடு.

சட்டமும் நம் பக்கம் இல்லை

ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆவது பிரிவின்படி கணக்குகளை, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டுக் கணக்கு என்றால் 2030 டிசம்பர் முடிய. கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள், விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அழிந்தால் நியாயமான காலத்துக்குள் திரும்ப எடுக்கும்படி முறையான நகல் வைத்திருக்க வேண்டுமென்று ஜிஎஸ்டி விதி 57 சொல்கிறது. ஆக, ‘டிஸ்க் போச்சு சார்’ என்று அதிகாரியிடம் சொல்வது சமாதானம் ஆகாது, குற்றத்தை ஒப்புக்கொள்வதுதான்.

திருட்டு சாப்ட்வேருக்குத் தனியாகச் சட்டம் இருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தில் 1994இல் சேர்க்கப்பட்ட 63பி பிரிவு. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். லாப நோக்கமோ வியாபாரமோ இல்லாத இடத்தில் சிறை இல்லாமல் விட நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. கடை அந்தச் சலுகைக்குள் வராது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கடையில் கம்ப்யூட்டரை இயக்கியது சர்வீஸ் தம்பி என்றாலும், கம்ப்யூட்டர் முதலாளியுடையது.

ஒரு பக்கச் செய்தி. ஐபிஎம் வகை கம்ப்யூட்டர்களில் முதலில் பரவிய வைரஸ் 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் பிறந்தது. பிரெய்ன் என்று பெயர். எழுதியவர்கள் சாப்ட்வேர்க் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள். தாங்கள் எழுதிய மருத்துவ சாப்ட்வேரைக் காசு கொடுக்காமல் நகல் எடுப்பவர்களைப் பிடிக்கவே எழுதினோம் என்றார்கள். அந்த நாளிலிருந்தே திருட்டுப் பிரதியும் வைரஸும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள்.

பெட்டி வேறு, நகல் வேறு

மூன்று டிஸ்க் பெட்டி இருக்கிறதே, நகல் எதற்கு என்று கேட்பவர்கள் நம்மில் அதிகம். நானும் அப்படித்தான் இருந்தேன். பெட்டி, டிஸ்க் கெடுவதிலிருந்து காப்பாற்றும். கடைப் பையன் தவறி அழித்தால், அந்த அழிப்பையும் மூன்று டிஸ்க்கிலும் ஒழுங்காக எழுதி வைக்கும். வைரஸ் பூட்டினால் அதையும் அப்படியே எழுதும். ஒரே நாளில் ஒரே பெட்டியில் வாங்கின டிஸ்க்குகள் ஒன்றுபோல் தேய்ந்து, அடுத்தடுத்துப் போவதும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பேய்மழையை மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஏரல் கடைத்தெருவில் வெள்ளம் புகுந்தபோது, கணக்கும் அதன் நகலும் ஒரே மேஜை மேல் இருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போயிருக்கும்.

இன்டர்நெட்டில் நேராகத் திறந்து வைத்த பெட்டிகளின் கதை வேறு. 2021 ஏப்ரலில் கியூநாப் பெட்டிகளில் புகுந்த கூட்டம் கோப்புகளைச் சுருட்டிப் பூட்டி, 0.01 பிட்காயின் கேட்டது. அதே ஆண்டு ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய மை புக் லைவ் டிஸ்க்குகள் உலகம் முழுதும் வெளியிலிருந்து வந்த கட்டளையால் துடைக்கப்பட்டன. வீட்டிலிருந்தே மொபைலில் கணக்குப் பார்க்க வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

பெரிய இடங்களும் தப்பவில்லை. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் பூட்டப்பட்டு, ஏறக்குறைய இரண்டு வாரம் சீட்டு எழுதித்தான் வைத்தியம் நடந்தது. பிற்பாடு, தாக்கப்படாத ஒரு தனி நகல் சர்வரிலிருந்து விவரங்கள் மீட்கப்பட்டதாக மத்திய அரசு பாராளுமன்றத்தில் சொன்னது. 2017 ஜூனில் மெர்ஸ்க் கப்பல் கம்பெனிக்கு நடந்தது இன்னும் ருசிகரமானது. உக்ரைனில் எல்லோரும் பயன்படுத்திய ஒரு வரிக்கணக்கு சாப்ட்வேர் வழியாக வந்த வைரஸ், மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் முனையம் வரை முடக்கியது. உலகமெங்கும் அவர்களுடைய முக்கியமான சர்வர்கள் அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் அந்த நேரம் கரண்ட் இல்லாததால் அணைந்து கிடந்த ஒரு சர்வர் தப்பியது. அதை வைத்துத்தான் மீண்டார்கள். நம் ஊர்க் கரண்ட் கட்டைத் திட்டும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

என் கடையில் இப்போது செய்வது எளிது. இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கியிருக்கிறேன். ராத்திரி கடை அடைக்குமுன் கணக்கை ஒன்றில் நகல் எடுத்து, கழற்றி, வீட்டுக்கு எடுத்துப் போகிறேன். மறுநாள் மற்றது. எந்த நேரமும் ஒன்று எதிலும் மாட்டாமல் வீட்டுப் பீரோவில் இருக்கும். மாதம் ஒரு முறை அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, இரண்டு கடைக்காரர்களின் நிலுவை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். திறந்து பார்க்காத நகல் நகலே அல்ல என்பது என் கட்சி. பெட்டியில் சத்தத்தை மறுபடி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இத்தனைக்கும் மேல் பெட்டி போய்விட்டால்? முதலில் அணைத்துவிட வேண்டும். புது டிஸ்க் போட்டு ‘ரீபில்டு’ கொடுக்கக்கூடாது. எது பழுது என்று உறுதியாகத் தெரியும்வரை கூடவே கூடாது. ஒவ்வொரு டிஸ்க்கின் முதுகிலும் துளை எண்ணை மார்க்கரால் எழுத வேண்டும். கடகட என்று சத்தம் வருகிற டிஸ்க்கை மறுபடி ஓட்டாமல் கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் புது டிஸ்க்கில் அடி முதல் நுனி வரை அப்படியே நகல் எடுத்து, நகலில்தான் கை வைக்க வேண்டும். அதற்கு டிடிரெஸ்கியூ என்னும் சாப்ட்வேர் சட்டப்படியே இலவசம். அழிந்த பிரிவுகளைத் தேட டெஸ்ட்டிஸ்க் இலவசம். லினக்ஸ் தெரிந்த ஒருவர் இருந்தால், பல பெட்டிகளின் டிஸ்க்குகளைச் சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே எழுதாமல் படிக்க மட்டும் கோத்துப் பார்த்துவிடுவார். காசுக்கு விற்கிற ஆர்-ஸ்டுடியோ, யுஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் போன்றவையும் சோதனைப் பிரதி தருகின்றன. என்னென்ன கிடைக்கும் என்பதை முதலில் காட்டி, சிறு கோப்புகளை எடுத்தும் தரும். கிடைக்கும் என்று கண்ணால் பார்த்த பிறகு காசு கட்டினால் போதும். மாதிரி பார்த்துச் சரக்கு வாங்குகிற நமக்கு இதைவிட என்ன வேண்டும்? தனி ஆளுக்கான லைசென்ஸ் சில ஆயிரம் ரூபாய்தான். இந்தச் சோதனைப் பிரதி இருப்பதே தெரியாமல்தான் நான் கிராக் தேடினேன்.

காசு பறிபோனாலோ பேங்க் பாஸ்வேர்டு திருடு போனதாகத் தெரிந்தாலோ 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். பாஸ்வேர்டு மாற்றுவதை அடிபட்ட கம்ப்யூட்டரிலிருந்து செய்யக்கூடாது, வேறு ஒன்றிலிருந்து.

சர்வீஸ் தம்பிகள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரு தடவை வந்து போக முந்நூறு ரூபாய் கொடுக்க மூக்கால் அழுகிற நாம், அவர்கள் ஆயிரக்கணக்கில் லைசென்ஸ் வாங்கி வந்து வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. நாம் ‘செலவில்லாம முடி’ என்கிறோம், அவர்கள் முடிக்கிறார்கள். முத்திரை இல்லாத எடைக்கல்லைக் கடையில் வைக்கப் பயப்படுகிற நாம், கலப்படச் சரக்கு வந்தால் திருப்பி அனுப்புகிற நாம், கணக்கு விஷயத்தில் மட்டும் எங்கிருந்து வந்தது என்று தெரியாத சரக்கைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இறக்கிக்கொள்கிறோம்.

ஆகவே வருகிற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வைக்க இருக்கிறேன். சங்கத்துக்கென்று இன்டர்நெட் தொடர்பு இல்லாத ஒரு கம்ப்யூட்டரும், பெரிய அளவில் மூன்று காலி ஹார்ட் டிஸ்க்கும் வாங்கி வைக்க வேண்டும். உறுப்பினர் கடையில் பெட்டி போனால், முதல் நகல் எடுக்கும் வேலை அங்கே நடக்கட்டும். நாள் வாடகை வைத்துக்கொள்ளலாம். நம் பகுதி சர்வீஸ் தம்பிகளில் விருப்பமுள்ள இரண்டு மூன்று பேரை லினக்ஸ் முறை கற்க சங்கச் செலவில் அனுப்பலாம். காசு கட்டும் சாப்ட்வேரைச் சங்கம் வாங்குவதாயிருந்தால், பலருடைய டிஸ்க்கில் வேலை செய்வதற்கான லைசென்ஸ் தனி, விலை பல மடங்கு. ஆகவே முதலில் இலவசமானவற்றோடு தொடங்கலாம் என்பது என் எண்ணம். சங்கப் பணத்தைக் கம்ப்யூட்டரில் கொட்டுவதா என்று சில மூத்த உறுப்பினர்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வணிகரின் ரகசியக் கணக்கைச் சங்கக் கட்டடத்தில் வைத்துத் திறப்பதா என்பது இன்னொரு கேள்வி. அது நியாயமான கேள்வி. நகல் எடுக்கையில் உரியவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும், வேலை முடிந்ததும் அவர் கண்ணெதிரே துடைக்க வேண்டும் என்று விதி செய்யலாம். வேறு நல்ல வழி தெரிந்தவர்கள் சொன்னால் ஏற்றுக்கொள்ளத் தயார்.

கல்யாண வீட்டில் கேட்ட நண்பரின் பெட்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். டிஸ்க் ஒன்றும் கெடவில்லை; பெட்டியின் பவர் அடாப்டர் போயிருந்தது. அதே வகை அடாப்டர் ஒன்று மாட்டியதும் திறந்துகொண்டது. பொதுக்குழுவுக்கு என்னுடைய பழைய மூன்று டிஸ்க்குகளையும் கொண்டுவருகிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம்.